பட்டறைக் கேள்வி-பதில்: சுற்றாத இன்ஜினும் தாத்தாவின் மைக்ரோமீட்டரும்

வீட்டில் லேத் வைத்து நீராவி இன்ஜின் மாடல் செய்கிறவர்களைப் பற்றிப் போன இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தோம். இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருவது மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரும் தண்ணீர் பம்பும்தான். இந்த முறை வந்ததெல்லாம் நீராவி. எல்லாவற்றுக்கும் இங்கே இடம் இல்லை, பல பேர் கேட்ட ஒரே கேள்வியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பூச்சோங்கிலிருந்து ஒரு வாசகர்: அண்ணே, டெரஸ் வீட்டு கார் போர்ச்சில் ஒரு மூலையை மறைத்து 7க்கு 14 அங்குல மினி லேத் போட்டிருக்கிறேன். வேலை பேங்கில், லேத் பழக்கம் யூடியூப்போடு சரி. ஸ்டுவர்ட் 10வி என்கிற நீராவி இன்ஜின் மாடலின் வார்ப்புக் கிட் வாங்கி ஆரம்பிக்கலாமா, இல்லை வேறு ஏதாவது செய்யலாமா? அம்மா தினமும் கேட்பது ஒன்றுதான், இது ஓடுமா ஓடாதா?

ஓடும் என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள் தம்பி, ஆனால் 10வி இப்போது வேண்டாம். அது நல்ல இன்ஜின்தான். சிலிண்டர் துளை முக்கால் அங்குலம், பிஸ்டன் போய்வரும் தூரமான ஸ்ட்ரோக் முக்கால் அங்குலம், மூன்று அங்குல பிளைவீல், மேசை மேல் வைத்தால் அசல் இன்ஜினைச் சுருக்கி வைத்ததுபோல அம்சமாக இருக்கும். சிக்கல் வார்ப்பில் இருக்கிறது. கோணல்மாணலான உருவத்தை லேத்தின் பிடியான சக்கில் எங்கே பிடிப்பது, எந்தப் பக்கத்தை முதலில் சீவுவது என்று தெரிவதற்கே கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். வார்ப்பிரும்பின் மேல்தோல் கெட்டி, பயந்து பயந்து மெல்லிசாக வெட்டினால் டூல் அந்தத் தோலிலேயே உராய்ந்து மழுங்கிவிடும், முதல் வெட்டிலேயே தோலுக்கு அடியில் இறங்கிவிடணும். புதிதாகப் பழகுகிறவருக்கு அந்தத் துணிச்சல் வராது. சிலிண்டர் கெட்டால் இங்கிலாந்திலிருந்து இன்னொன்று வரவழைத்து, தபால் செலவும் கொடுத்து, அது வந்து சேருவதற்குள் ஆசையே ஆறிப்போய்விடும்.

ஆடும் சிலிண்டர் இன்ஜினில் ஆரம்பியுங்கள். நீராவியை உள்ளே விட்டு வெளியே அனுப்பும் சிலைடு வால்வு அதில் கிடையாது, அந்த வால்வை இயக்கும் எக்சென்ட்ரிக் கிடையாது. சிலிண்டரே ஓர் ஊசியைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் ஆடும். அதன் தட்டையான முகத்தில் உள்ள ஒரு சின்னத் துவாரம், ஒரு பக்கம் சாயும்போது, அசையாமல் நிற்கும் பிளாக்கில் காற்று வரும் துவாரத்தோடு சேரும், மறுபக்கம் சாயும்போது வெளியேறும் துவாரத்தோடு சேரும். வால்வு வேலை அத்தோடு முடிந்தது. கம்பியிலும் பட்டையிலும் வெட்டிச் செய்வதால் வார்ப்பே தேவையில்லை, பித்தளை வெட்டுத்துண்டுகள் எடைக்குக் கிடைக்கும், ஒரு துண்டு கெட்டால் இன்னொரு துண்டு. பித்தளையில் துளை போடும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: கடையில் வாங்கும் டிரில் பிட் இரும்புக்குத் தீட்டியது, பித்தளையில் அது கடித்துக்கொண்டு உள்ளே பாயும். வெட்டும் விளிம்பை எண்ணெய்க்கல்லில் லேசாகத் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டால் பாயாது. லேத் டூலுக்கும் அதே கதை, மேல்பக்கம் சாய்வில்லாமல் தட்டையாக இருக்கட்டும்.

அப்புறம் ஒரு விஷயம், இதை எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். யூடியூப்பில் மைக்ரான் கணக்குப் பேசுகிறவர்களைப் பார்த்து மிரள வேண்டாம். ஆடும் சிலிண்டர் இன்ஜினில் அளவு தப்பவே கூடாத இடம் நாலுதான்: பிஸ்டன் துளைக்குள் உட்காரும் இறுக்கம், சிலிண்டர் முகத்துக்கு ஆடும் ஊசி செங்குத்தாக நிற்பது, பிளைவீலைச் சுற்றவைக்கும் கிராங்க் ஊசி தண்டுக்கு இணையாக இருப்பது, காற்றுத் துவாரங்கள் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பது. மற்ற இடத்தில் கால் மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தால் இன்ஜினுக்குத் தெரியப்போவதில்லை, பார்க்கிறவர் கண்ணுக்கும் தெரியாது. அந்த நாலில் முக்கால் பங்கு நேரத்தைப் போடுங்கள். சிலிண்டருக்குத் துளை போடுவது, துளையைச் சரியான அளவாக்கும் ரீமர் விடுவது, முனையைச் சீவுவது மூன்றையும் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் முடியுங்கள், முனை துளைக்குச் செங்குத்தாகத் தானே வந்துவிடும். 12 மில்லிமீட்டர் துளை என்றால் 11.8 டிரில் விட்டு, பிறகு ரீமரை மெதுவான வேகத்தில் எண்ணெயோடு விடுங்கள். ரீமரை வெளியே எடுக்கும்போது லேத்தைத் திருப்பிச் சுற்றக்கூடாது, விளிம்பு போய்விடும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர்: தம்பி, நான் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பொழுது போகாமல் ஆடும் சிலிண்டர் இன்ஜின் ஒன்று செய்தேன். துளை 12 மில்லி, ஸ்ட்ரோக் 16, ஆடும் ஊசியிலிருந்து கிராங்க் தண்டுக்கு 48. துவாரமெல்லாம் 3 மில்லி, ஊசியிலிருந்து 16 மில்லி தள்ளிப் போட்டிருக்கிறேன். கம்ப்ரசரில் 30 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுத்தால் புஸ் என்று சத்தம் மட்டும் வருகிறது. கையால் சுற்றிவிட்டால் அரைச் சுற்றுப் போய் நின்றுவிடுகிறது. 60 வரைக்கும் ஏற்றிப் பார்த்துவிட்டேன். நாற்பது வருஷம் இரும்போடு இருந்தவனுக்கு இந்தப் பொடிப்பயல் பொம்மை தண்ணி காட்டுகிறது.

ஐயா, முதலில் கம்ப்ரசரை அணையுங்கள். 60இல் சுற்றாத இன்ஜின் 100இலும் சுற்றாது. நல்லபடி இளகி ஓடும் ஆடும் சிலிண்டர் 10 பிஎஸ்ஐக்குள் சுற்ற வேண்டும், சிலது வாயால் ஊதினாலே சுற்றும்.

நீங்கள் அளவெல்லாம் எழுதியனுப்பியது நல்லதாய்ப் போயிற்று, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஸ்ட்ரோக் 16 என்றால் கிராங்க் ஆரம் 8. அதை 48ஆல் வகுத்தால் ஆறில் ஒன்று, அதாவது சிலிண்டர் ஒரு பக்கத்துக்கு 9.6 டிகிரி வரை சாயும். ஊசியிலிருந்து 16 மில்லியில் இருக்கும் துவாரம் அந்தச் சாய்வில் பக்கவாட்டில் நகர்வது 16இல் ஆறில் ஒரு பங்கு, 2.67 மில்லி. ஆகவே பிளாக்கில் உள்ள இரண்டு துவாரங்களும் நடுக்கோட்டிலிருந்து 2.67 மில்லி தள்ளி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது சிலிண்டர் நேராக நிற்கும், அதன் துவாரம் சரியாக நடுவில் வந்து இரண்டு பக்கமும் மூடியிருக்கணும். உங்கள் துவாரங்கள் 3 மில்லி. ஒன்றின் ஆரம் ஒன்றரை, மற்றதன் ஆரம் ஒன்றரை, கூட்டினால் 3, நடுவில் இருக்கும் தூரமோ 2.67. மூடவேண்டிய நேரத்தில் இரண்டு பக்கமும் 0.3 மில்லி திறந்தே கிடக்கிறது, உள்ளே வரும் காற்று நேராக வெளியே போகும் வழியில் போய்விடுகிறது. நீங்கள் கேட்கும் அந்த புஸ் இதுதான்.

சிலிண்டரைத் தொட வேண்டாம், அதன் துவாரம் 3 மில்லியாகவே இருக்கட்டும். பிளாக்கில் உள்ள இரண்டையும் பித்தளைக் கம்பி அடைத்து, மேலே சீவி, அதே இடத்தில் 2 மில்லியில் திரும்பப் போடுங்கள். ஒன்றரையும் ஒன்றும் இரண்டரை, நடுவில் நன்றாக மூடும். முதலிலிருந்தே செய்கிறவர்கள் எல்லாத் துவாரத்தையும் 2.5 மில்லி போட்டுவிட்டால் போதும், இரண்டு பக்கமும் மயிரிழை இடம் மிஞ்சும். இடத்தைக் குறிக்கவும் ஸ்கேலை நம்பாதீர்கள். ஒரு பட்டைத் தகட்டில் ஊசிக்கு ஒரு துளை, அதிலிருந்து 16 மில்லியில் டிரில் போக ஒரு துளை, மறுமுனையில் கிராங்க் ஊசி உட்காரும் அளவுக்கு ஒரு நீளக் காடி. இதை சிலிண்டருக்குப் பதிலாக மாட்டி, கிராங்கைச் சுற்றி, தகடு அதிகமாகச் சாயும் இடத்தில் கிளாம்ப் போட்டு, அந்தத் துளை வழியாகவே டிரில் விடுங்கள். மறுபக்கமும் அதேபோல. உங்கள் 48 உண்மையில் 47.7ஆக இருந்தாலும் துவாரம் சரியான இடத்தில் விழும், ஏனென்றால் இன்ஜினே தன் துவாரத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆனால் ஐயா, துவாரம் மட்டும் குற்றவாளி என்றால் தள்ளாடியாவது ஓடியிருக்கும். அரைச் சுற்றில் நிற்கிறது என்கிறீர்கள், அதனால் எங்கேயோ பிடிக்கவும் செய்கிறது. சிலிண்டரைக் கழற்றிவிட்டு பிளைவீலை மட்டும் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், சோம்பேறித்தனமாகச் சுற்றிச் சுற்றி நிற்கணும், டக்கென்று நின்றால் தண்டும் பேரிங்கும்தான் பிரச்சினை. அது சரியாக இருந்தால் சிலிண்டரை மாட்டுங்கள், முகத்தைப் பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் போடாமல். இப்போது விரலால் மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கனக்கிறதா? கனத்தால் கிராங்க் ஊசி சாய்ந்திருக்கிறது. ஊசிக்கு மரை போட்டு முறுக்கியிருந்தால் பத்தில் எட்டு இப்படித்தான் ஆகும், மரை எந்த ஊசியையும் நேராக நிறுத்தாது. துளையை ரீமர் விட்டு, நேரான கம்பியை லாக்டைட் பசை போட்டு அடிப்பதுதான் வழி. இன்னொரு சோதனையும் உண்டு, டார்ச் லைட்டைப் பிளாக்குக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் சிலிண்டர் முகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஓர் இடத்தில் வெளிச்சக் கீற்று வந்து மறையும், அந்த இடத்தில்தான் ஊசி சிலிண்டரைத் தூக்குகிறது.

முகங்களைச் சோதிக்க மார்க்கர் பேனாவால் இரண்டையும் கறுப்பாக்கி, சேர்த்து ஆட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் மை போயிருந்தால் முகம் உப்பியிருக்கிறது. கண்ணாடிப் பலகை மேல் 600 நம்பர் நீர்த்தாளை எண்ணெய் தடவி விரித்து, எட்டுப் போடுவதுபோல் தேயுங்கள், பிறகு 1000. ஃபைல் எடுக்கவே வேண்டாம். நாற்பது வருஷம் ஃபைல் பிடித்த கைக்கு இது கஷ்டம், தெரியும்.

பிஸ்டனுக்கு ஒரு சுலபமான பரீட்சை இருக்கிறது. எண்ணெய் தடவி உள்ளே விட்டு, துவாரத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு வெளியே இழுங்கள், விரலை உள்ளிழுக்கணும், பிஸ்டனை விட்டால் அது கொஞ்சம் திரும்பிப் போகணும். விரலை எடுத்துவிட்டால் தன் எடையிலேயே மெதுவாக வழுக்கி இறங்கணும். இரண்டும் நடந்தால் அந்த இறுக்கத்தைத் தொடாதீர்கள். 0.02 மில்லி இடைவெளி என்றெல்லாம் அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை. ஓரிங் என்கிற ரப்பர் வளையம் போடலாமா என்று நினைத்தால், இந்த அளவு இன்ஜினில் அது பிரேக் போட்டதுபோல ஆகிவிடும்.

கடைசியாக ஸ்பிரிங். எல்லாரும் கசிகிறதே என்று ஸ்பிரிங்கை இறுக்குவார்கள், அப்போதுதான் நின்றே போகும். 30 பிஎஸ்ஐயில் 2.5 மில்லி துவாரத்துக்குள்ளிருந்து முகத்தைத் தள்ளும் விசை நூறு கிராம் எடைதான். முகங்களுக்கு நடுவே பரவும் காற்றும் சேர்ந்து தள்ளும், அதற்காக இரண்டு மூன்று மடங்கு வைத்துக்கொண்டாலும் அது பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் கொடுக்கும் விசைதான், சைக்கிள் சீட் ஸ்பிரிங் வேண்டாம். ஓடினால் ஒரு வரி எழுதிப் போடுங்கள் ஐயா.

கெப்போங்கிலிருந்து ஒரு வாசகர்: அண்ணே, என் இன்ஜின் காற்றில் ஓடுகிறது. ஆனால் நீராவியில் ஓடினால்தானே நீராவி இன்ஜின்? மூன்று அங்குல செம்புக் குழாய் ஒரு துண்டு கிடைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் செம்புத் தகடு வைத்து ஈயப்பற்று வைத்தால் 40 பிஎஸ்ஐ தாங்காதா? அப்பா செம்பனை ஆலையில் பாயிலர்மேனாக இருந்தவர், கேட்டால் திட்டுகிறார்.

அப்பா சரியாகத்தான் திட்டுகிறார்.

40 பிஎஸ்ஐ என்பது உங்களுக்குச் சின்ன எண்ணாகத் தெரிகிறது. அப்பா வேலை பார்த்த ஆலையில் செம்பனைக் குலையை வேகவைக்கும் ஸ்டெரிலைசரில் இருப்பது சுமார் 3 பார், அதாவது கிட்டத்தட்ட உங்கள் 40 பிஎஸ்ஐயேதான், சூடும் அதே 140 டிகிரிப் பக்கம். அந்தக் கதவு எவ்வளவு கனமாக இருக்கும், எத்தனை பூட்டு இருக்கும் என்று அவரைக் கேளுங்கள். உங்கள் மூன்று அங்குல வட்டத் தகட்டின் பரப்பு 7 சதுர அங்குலம், 40 பிஎஸ்ஐயில் அதை வெளியே தள்ளும் விசை 128 கிலோ. வளர்ந்த ஆள் இரண்டு பேர் அந்தத் தகட்டின் மேல் ஏறி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அவர்களைத் தாங்கப்போவது நீங்கள் வைத்த பற்று.

ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியில் உருகும். 140தானே, மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். உருகும் வெப்பத்தை நெருங்கும்போதே அதன் பலம் பெரும்பாலும் போய்விடும். தண்ணீர் மட்டம் இறங்கி ஓர் இடம் காய்ந்துவிட்டால், அடியில் தீ எரிந்துகொண்டிருக்கும்போது, அந்த இடம் 183ஐத் தாண்ட அதிக நேரம் ஆகாது. பற்று விட்டால் நடப்பது டயர் வெடிப்பது மாதிரி காற்று மட்டும் வெளியேறுவதல்ல. உள்ளே 140 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் இருந்தால், அழுத்தம் போன அந்த நொடியில் அதில் பதினான்கில் ஒரு பங்கு ஆவியாகி நூறு லிட்டருக்கு மேல் விரியும், மிச்சமெல்லாம் கொதிக்கும் நீராக உங்கள் மேல் வந்து விழும். நாலு இடத்தைத் தவிர மற்றதில் அளவு தப்பினால் பரவாயில்லை என்று மேலே எழுதினேனே, அது இன்ஜினுக்கு மட்டும். கொதிகலனில் அந்தச் சலுகை ஒரு இடத்திலும் கிடையாது.

செய்யவே கூடாது என்று சொல்லவில்லை, செய்கிற முறையில் செய்யணும். வெள்ளிப்பற்று, 600 டிகிரிக்கு மேல் உருகுவது. வாங்கும்போது காட்மியம் இல்லாதது என்று பார்த்து வாங்குங்கள், பழைய சரக்கில் காட்மியம் உண்டு, அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். ஏர்கோன் ஆட்கள் செம்புக் குழாய்க்கு வைக்கும் பாஸ்பரஸ் கம்பியைச் சிலர் பயன்படுத்துகிறார்கள், அது இரும்பில் வைத்தால் நொறுங்கும், நிலக்கரி எரித்தால் அதில் உள்ள கந்தகம் அதை அரிக்கும், அதனால் அதைத் தவிருங்கள். இரண்டு முனைத் தகடுகளையும் வெறும் வட்டமாக வைக்காமல், காய்ச்சி மென்மையாக்கி, கட்டையில் அடித்து விளிம்பு மடித்துக் குழாய்க்குள் பொருத்தணும். தட்டையான தகடு உப்பாமல் இருக்க இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு கம்பி இழுத்துப் பிடித்திருக்கணும். குழாய் தடிமன் 1.6 மில்லி இருந்தால் குழாயைப் பற்றிக் கவலையில்லை, அழுத்தம் பிய்க்கப் பார்ப்பது முனைகளையும் இணைப்புகளையும்தான். வால்வும் கேஜும் மாட்டும் இடத்துக்குப் பித்தளை புஷ் வைக்காதீர்கள், சூடான தண்ணீர் அதிலிருக்கும் துத்தநாகத்தைத் தின்று பஞ்சாக்கிவிடும், வெண்கலமாக இருக்கட்டும்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. உள்ளே ஒரு குமிழ் காற்றுகூட இல்லாமல் பச்சைத் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் இரண்டு மடங்கு அழுத்தம், உங்களுக்கு 80 பிஎஸ்ஐ, ஏற்றி அப்படியே விட்டுப் பாருங்கள். தண்ணீர் அநேகமாக அமுங்காத பொருள், இணைப்பு விட்டாலும் ஒரு பீச்சலோடு முடிந்துவிடும். முள் இறங்கக்கூடாது, தகடு உப்பக்கூடாது. சேஃப்டி வால்வு முழுத் தீயிலும் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கிறதா என்று பார்க்காமல் இன்ஜினோடு இணைக்கவே வேண்டாம்.

ஆலைக் கொதிகலனுக்கு, வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஜேகேகேபியின் சான்றிதழ் இல்லாமல் தீ மூட்ட முடியாது. உங்கள் போர்ச்சுக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார், ஆனால் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். ஷிஃப்ட் ஏறியதும் முதல் வேலையாக தண்ணீர் மட்டம் காட்டும் வாட்டர் கேஜை ஊதிப் பார்த்த மனுஷன், அவர் எதிரே உட்கார்ந்து சரி என்று சொல்லாமல் பர்னரைப் பற்றவைக்காதீர்கள். இவ்வளவு வேலையா என்று நினைத்தால் சோதித்துச் சான்றிதழோடு வரும் குட்டிக் கொதிகலனை விலைக்கு வாங்குங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

ஷா ஆலாமிலிருந்து: பழைய ஆங்கிலேய வரைபடத்தில் மரை அளவு 5பிஏ, 7பிஏ என்று போட்டிருக்கிறது. அந்த மரை வெட்டும் டேப் இங்கே எந்த ஹார்ட்வேர் கடையிலும் இல்லை.

தேடி அலையாதீர்கள். 5பிஏ 3.2 மில்லி, அதற்கு மெட்ரிக் மரை எம்3 போடுங்கள், டிரில் 2.5. 7பிஏ சரியாக 2.5 மில்லி, அதற்கு எம்2.5, டிரில் 2.05. ஒன்று மட்டும் கவனியுங்கள், எம்2.5 நட்டு 5 மில்லி அகலம், 7பிஏ நட்டை விடக் கொஞ்சம் பெரிது, சிலிண்டர் மூடி ஓரத்தில் இடிக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கொதிகலன் சாமான்களில் வரும் கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 40 மரை என்பதை மட்டும் மாற்றாதீர்கள், விலைக்கு வாங்கும் வால்வும் கேஜும் அந்த மரையில்தான் வரும்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு வாசகி: கணவர் விட்டுப்போன லேத்தை நான்தான் இப்போது ஓட்டுகிறேன். மழைக்காலத்தில் எவ்வளவு எண்ணெய் போட்டாலும் துருப் பிடிக்கிறது. பிளாஸ்டிக் ஷீட் போட்டு இறுக்கி மூடித்தான் வைக்கிறேன்.

அந்த பிளாஸ்டிக்கை முதலில் எடுங்கள் அக்கா, அதுதான் துருவை வளர்க்கிறது. இரவில் இரும்பு குளிர்ந்துபோகும், காலையில் ஈரக்காற்று சூடாக வந்து அதன் மேல் படும்போது வியர்க்கும், பிளாஸ்டிக் அந்த வியர்வையை வெளியே போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய பருத்திப் போர்வை போதும், மூச்சு விடும். அதற்கு அடியில், தட்டுக்குக் கீழே, துணியில் படாதபடி ஒரு சின்னக் குண்டு பல்பு எரியட்டும். எல்இடி உதவாது, அதில் சூடு போதாது. இரும்பு சுற்றியுள்ள காற்றை விட இரண்டு மூன்று டிகிரி சூடாக இருந்தால் வியர்க்கவே வியர்க்காது.

டபிள்யூடி-40 அடித்துவிட்டு எண்ணெய் போட்டாயிற்று என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். ஈரத்தை விரட்ட அது நல்லது, ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். சிலைடுகளுக்கு 68 நம்பர் சிலைடுவே ஆயில் வாங்கிக்கொள்ளுங்கள், பிசுபிசுவென்று ஒட்டி நிற்கும். வேலை முடிந்ததும் கை பட்ட இடத்தையெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள், உப்பு வியர்வை உள்ள கையில் தொட்டால் மறுநாள் ஐந்து விரலும் துருவில் தெரியும். சக்கின் பற்களுக்கு நடுவில் எண்ணெயை ஊற்றாதீர்கள், லேத் சுற்றும்போது அது நேராக நைட்டியில் கோடு போடும். அப்படியே இதையும் சொல்லிவிடுகிறேன்: லேத் பக்கம் வரும்போது தாலிச் சங்கிலி, வளையல், துப்பட்டா, முடி எல்லாம் கட்டி உள்ளே போயிருக்கட்டும்.

செந்தூலிலிருந்து ஒரு வாசகர்: தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவருடைய மரப்பெட்டியில் ஒரு மைக்ரோமீட்டர் இருந்தது, மூர் அண்ட் ரைட், ஷெஃபீல்ட் என்று பொறித்திருக்கிறது. எண்கள் ஒன்றும் புரியவில்லை, மில்லிமீட்டராகத் தெரியவில்லை. இதை வைத்து இன்ஜின் செய்யலாமா, இல்லை கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டியதுதானா?

கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் தாத்தா கோபித்துக்கொள்வார். அது அங்குல மைக்ரோமீட்டர். உள்ளே இருக்கும் திருகில் அங்குலத்துக்கு 40 மரை, ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பாகம் நகரும், பட்டறையில் அதை 25 தௌ என்பார்கள். சுற்றும் பகுதியில் 25 கோடுகள் இருக்கும், ஒரு கோடு ஒரு தௌ. நகராத தண்டில் 1, 2, 3 என்று இருப்பது நூறு நூறு தௌ, நடுவில் உள்ள சின்னக் கோடுகள் ஒவ்வொன்றும் 25. இப்போது 12 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒன்றை அதில் பிடித்தால் தண்டில் 4 தெரியும், அதைத் தாண்டி இரண்டு சின்னக் கோடு தெரியும், சுற்றும் பகுதி 22ஐயும் கொஞ்சத்தையும் காட்டும். 400, 50, 22, மொத்தம் 472 தௌ. ஒரு தௌ என்பது 0.0254 மில்லி, அதாவது பிஸ்டனுக்கு நமக்கு வேண்டிய இடைவெளி கிட்டத்தட்ட ஒரு தௌதான், கோட்டிலேயே தெரியும், மில்லிமீட்டருக்கு மாற்றிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

பயன்படுத்தும் முன் இரண்டு முகங்களுக்கு நடுவில் வெள்ளைத்தாளைப் பிடித்து மெதுவாக உருவி எடுங்கள், அழுக்கு வந்துவிடும். பிறகு மூடினால் சைபர் கோட்டில் நிற்கணும். நிற்காவிட்டால் தண்டைத் திருப்ப ஒரு வளைந்த சாவி பெட்டியிலேயே கிடக்கும், தேடிப்பாருங்கள்.

அந்தப் பட்டறை 1945இல் பி-29 விமானங்கள் போட்ட குண்டில் நொறுங்கி, பிறகு திரும்பக் கட்டி நீராவி ரயில்களைத் தொடர்ந்து பழுது பார்த்த இடம். அங்கே பிஸ்டனும் பேரிங்கும் தௌ கணக்கில்தான் பேசியிருப்பார்கள். பெட்டியில் வேறு என்ன இருந்தது என்றும் எழுதுங்கள் தம்பி, காலிப்பரோ ஸ்கிரைபரோ இருந்தால் அவையும் வேலைக்கு ஆகும்.

செராஸிலிருந்து: கம்ப்ரசர் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அங்கிள் இரண்டு தடவை வந்து கதவைத் தட்டிவிட்டார். சத்தமில்லாமல் இன்ஜினை ஓட்ட வழி உண்டா?

காரில் இருக்கும் ஸ்பேர் டயரை எடுங்கள். பெட்ரோல் நிலையத்தில் 30 பிஎஸ்ஐ காற்றை அடித்துக்கொண்டு வந்து, டயர் கடையில் கிடைக்கும் திருகு முனை ஹோஸை வால்வில் மாட்டி, நடுவில் ஒரு சின்னக் குழாய்த் திருகு வைத்து இன்ஜினுக்குக் கொடுத்தால் சத்தமே வராது. 12 மில்லி துளை, 16 மில்லி ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்கு விழுங்குவது இரண்டு சிசிக்கும் குறைவு, கசிவையும் சேர்த்து நிமிஷத்துக்கு 300 சுற்று ஓடினால் ஒரு டயர் காற்று அரை மணி நேரம் தாராளமாக வரும். சின்னக் கம்ப்ரசர் மாதிரி இதில் அழுத்தம் ஏறி இறங்கித் துடிக்காது, கொஞ்சம் கொஞ்சமாக ஒரே சீராக இறங்கும், இன்ஜின் எத்தனை பிஎஸ்ஐயில் கடைசியாக நிற்கிறது என்பதையும் டயர் கேஜிலேயே பார்த்துக்கொள்ளலாம். பட்டர்வொர்த் ஐயாவும் இதையே செய்து பார்க்கலாம். முடித்ததும் டயரைக் காலியாகவே காரில் திருப்பிப் போட்டுவிடாதீர்கள், மறுபடி காற்றடித்து வையுங்கள்.